பட்டோலாவின் படிக்கட்டு விளிம்பு

கரூரில் ஏற்றுமதிக்குப் போகும் மேசை விரிப்பு, குஷன் கவர், சமையலறைத் துண்டு இவற்றுக்கு டிசைன் போடுவது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊர்த் துணி, அப்புறம் அருங்காட்சியகம், பிறகு பழைய கட்டடங்கள் என்று சுற்றுவேன். இந்த மூன்றும் ஒன்றையொன்று விளக்கிக்காட்டியது குஜராத்தில்தான்.

அகமதாபாத்தின் காலிகோ துணி அருங்காட்சியகம் 1949இல் சாராபாய் குடும்பத்தார் தொடங்கியது. இங்கே துணிக்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்று கௌதம் சாராபாயிடம் முதலில் சொன்னவர், கொழும்பில் பிறந்த நம் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி. அது தெரிந்ததும் அந்த இடம் இன்னும் நெருக்கமாகிவிட்டது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதனால் வழிகாட்டி கூப்பிடும்வரை குஜராத்தின் பட்டோலா என்ற பட்டுச் சேலை ஒன்றின் முன்னால் நின்றேன். அதில் நெய்திருந்த யானையின் முதுகு வளையவில்லை. படிப்படியாக ஏறி இறங்கியது. நிறங்கள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கலங்கல்.

காரணம் பட்டோலா நெய்யும் பாடன் ஊரில் கிடைத்தது. அங்கே சால்வி குடும்பத்தார் பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டையுமே நெய்வதற்கு முன் ஆங்காங்கே கட்டிச் சாயம் தோய்க்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டை அவிழ்த்து, வேறிடத்தில் கட்டி, மறுபடி தோய்க்க வேண்டும். பாவின் சிவப்பும் ஊடையின் சிவப்பும் தறியில் ஒரே இடத்தில் விழுந்தால்தான் சிவப்பு தெளியும். தறி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கொஞ்சம் நெய்ததும் பாவைத் தளர்த்தி, ஊசிமுனையால் இழைகளை நகர்த்தி உருவத்தை நேராக்குகிறார்கள். ஒரு சேலைக்கு மாதக்கணக்கில் ஆகிறது. கட்டுவது ஒற்றை இழையை அல்ல, சிறு கற்றையை. ஆகவே உருவத்தின் மிகச் சிறிய அலகே ஒரு குட்டிக் கட்டம். யானை முதுகு படியானது இதனால்தான்.

அதே ஊரில்தான் ராணி கி வாவ் படிக்கிணறும். சோலங்கி அரசன் முதலாம் பீமன் நினைவாக அரசி உதயமதி 11ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 100 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது இதுதான். எல்லோரும் சிற்பங்களைப் பார்க்கிறார்கள். எனக்குப் பக்கச்சுவரின் கட்டம் கட்டமான வலைக்கோலங்கள் போதும். அப்படியே பட்டோலா. சால்விகளைச் சோலங்கி அரசன் குமாரபாலன் 12ஆம் நூற்றாண்டில் வரவழைத்தான் என்பது ஊர் வழக்கு. அது சரியென்றால் இந்தக் கோலங்கள் கல்லில் ஏறிய பிறகுதான் அவர்கள் தறி இங்கே வந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் யானையை நான் எடுக்கவில்லை. பட்டோலா உருவங்களை மலிவுத் துணியில் பிரிண்ட் அடித்து விற்பது எனக்கு ஒப்பாத காரியம்; அது அந்த நெசவாளர்களின் பிழைப்பு. எடுத்துக்கொண்டது முறையை மட்டும். சின்னச் சின்ன கட்ட டிசைன் நெய்யும் எங்கள் டாபி தறியில் வளைவு ஒழுங்காக வராது. பலரும் அதை மறைக்கவே பாடுபடுவார்கள். அடுத்த சீசன் டேபிள் ரன்னரில் நாங்கள் படிகளைப் படிகளாகவே விட்டோம். இரண்டே நிறம், கெட்டிப் பருத்தி நூல். கிராஃப் தாளைப் பார்த்த தறிக்காரர், "இதுல திருத்த ஒண்ணுமில்லீங்க, அப்படியே ஓட்டிடலாம்" என்றார்.

அந்த விளிம்புக் கலங்கல் மட்டும் எங்கள் துணியில் இன்னும் வரவில்லை. பருத்தியில் கட்டுச்சாயம் போடுவதில் மதுரைச் சௌராஷ்டிரர்களின் சுங்குடிக்கு நீண்ட பழக்கம் உண்டு. அடுத்த பயணம் அங்கேதான்.