தரம் 3 இல் தேசிப் புழு வளர்த்த கதை

வசந்தகாலம் பற்றி வகுப்பில் ஏதாவது செய்யலாமென்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் உருகும் பனி, தியூலிப் பூ, கம்பளித் தொப்பி கழற்றும் பிள்ளை. போன வருடம் நானும் அதைத்தான் அச்செடுத்து நிறந்தீட்டக் கொடுத்தேன். "டீச்சர், இந்தப் பூ எங்க பூக்கும்?" என்று ஒருத்தன் கேட்டான். "அங்க" என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்பது பழைய கணக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரையில் சித்திரை வெயிலில் தலை வெடிக்கும். கண்ணால் பார்க்கிற துளிர்ப்பு அதற்கு முந்தியே வந்துவிடுகிறது. தையில் மழை ஓய்ந்து, மாசியில் வெள்ளாமை வெட்டு நடக்கிற நாட்களில் வளவிலுள்ள தேசியும் (எலுமிச்சை) கறிவேப்பிலையும் கொழுந்து விடும். கொழுந்தைத் தேடி வண்ணத்துப்பூச்சி வரும். ஆகவே எங்கள் வசந்தம் முதலாம் தவணைக்குள் இருக்கிறது என்று முடிவெடுத்து, சுற்றாடல் பாடத்துக்குப் புழு வளர்க்கத் தொடங்கினேன். வகுப்பில் 19 பிள்ளைகள்.

பயறு முளைக்கவைத்ததும் உண்டு. யோகட் கப், ஈரப் பஞ்சு, வழக்கமான கதைதான். மூன்றாம் நாள் எல்லாம் முளைத்தது, பாதியைக் கோழி தின்றது. விடுவோம்.

பிள்ளைகளிடம் தேசி மரத்தில் பறவை எச்சம் போல எதையாவது கண்டால் இலையோடு கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு சின்ன வயதில் அப்படித்தான் இருக்கும். மண்ணிறம், நடுவில் வெள்ளைத் தீற்று. குருவி தின்னாமல் தப்புவதற்கான வேஷம். இரண்டு நாளில் ஆறு புழு வந்தன, கூடவே உண்மையான எச்சம் இரண்டும் வந்தன. கூட்டிவந்த ஓர் அம்மம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன புள்ள, மயிர்க்கொட்டியையா பள்ளிக்கூடத்துல வளக்கிறீங்க? சொறியப்போகுது!" மயிரே இல்லை, தொட்டுப் பாருங்கோ என்று நீட்டினேன். அவர் தொடவில்லை.

முதல் சுற்று படுதோல்வி. ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் மேற்பக்கத்தை வெட்டி, நுளம்பு வலைத் துண்டால் மூடி, பக்கத்து வளவொன்றிலிருந்து இலை பிடுங்கிப் போட்டேன். மறுநாள் காலை ஆறும் சுருண்டு கிடந்தன. அந்த மரத்துக்கு முந்தின கிழமைதான் மருந்தடித்திருக்கிறார்கள். கேட்டிருக்க வேண்டியது நான். பிள்ளைகள் பெரிதாக அழவில்லை. ஒருத்தி மட்டும் "டீச்சர், நாங்க தின்னுற தேசிக்காயிலயும் அது இருக்குமா?" என்றாள். அன்றைய பாடம் அந்தக் கேள்வியில்தான் போனது.

இரண்டாம் சுற்றுக்கு மருந்தே அடிக்காத எங்கள் வீட்டு மரம். கொழுந்தின் நுனியில் கடுகளவு மஞ்சள் முட்டைகள் ஒன்றிரண்டாகத் தனித்தனியே ஒட்டியிருந்தன. இலை வாடாமலிருக்கக் கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்தேன். அதிலும் ஒரு பிழை. கொப்பு வழியே கீழிறங்கிய புழுவொன்று தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு போத்தல் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. நீங்கள் செய்வதானால் முதலிலேயே பஞ்சை வையுங்கள்.

நாலாம் முறை தோல் கழற்றியதும் புழு பச்சையாகிவிட்டது. ஒரே இரவில் வேறொரு பிராணி. இதற்குப் பிறகு அது தின்னும் தீனிக்கு இலை பிடுங்கி மாளாது. காலையில் வைத்த கொப்பு பள்ளி விடும்போது காம்பாக நிற்கும். வெள்ளிக்கிழமை போத்தலை ஸ்கூட்டியில் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவருவதும் என் வேலை. பிள்ளைகளின் விளையாட்டு வேறு. புழுவின் முதுகை ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரட்டைக் கொம்பு வெளியே வரும், அழுகின தேசிக்காய் மணமும் சேர்ந்து வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று சட்டம் போடவேண்டி வந்தது. புழு பாவம்.

புத்தகத்தில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று வட்டமாக அம்புக்குறி போட்டிருக்கும். அந்த வட்டத்தில் இல்லாத ஒன்று ஒரு திங்கட்கிழமை நடந்தது. ஒரு பையன் தன் வீட்டு வேலியிலிருந்து ஆயத்தமான கூட்டுப்புழு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் ஊசி முனையளவு ஓட்டை. அதன் வழியே வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக எறும்பிலும் சின்னக் குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. பதினேழு வரை எண்ணினோம், பிறகு பறந்துவிட்டன. அந்தக் குளவி கூட்டுப்புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளேயே தின்று வளரும் என்று சொன்னேன். கொண்டுவந்தவனின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப வண்ணத்துப்பூச்சி?" என்றான். இல்லை மனே என்றேன். மழுப்பத் தோன்றவில்லை.

எங்களுடைய முதல் நிறையுடலி பங்குனி முதற்கிழமை, காலைக் கூட்டத்துக்கு மணியடிக்கும் நேரத்தில் வந்தது. முந்தின நாளே கூட்டின் தோல் கருத்து, உள்ளே சிறகின் புள்ளிகள் தெரிந்தன. அதைக் கண்டதும் நாளைக்கு வெள்ளன வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். கூடு தலைப்பக்கம் வெடித்தது. வெளியே வந்தது கசங்கின துணி மாதிரி ஒன்று. கொப்பில் தொங்கிக்கொண்டு சிறகை விரிக்க விரிக்க, கீழே சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. "டீச்சர், ரத்தம்!" ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவுதான் என்று விளக்கினாலும் இரண்டு பேர் நம்பவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொங்கி, கறுப்பில் வெண்மஞ்சள் புள்ளிகளோடு யன்னலால் வெளியே போனது. அன்று கணிதப் பாடம் நடக்கவில்லை.

இரண்டாம் சுற்றில் வளர்த்த எட்டில் ஐந்து பறந்தன. ஒன்று தண்ணீரில் போனதைச் சொன்னேன். இன்னொன்றின் கூடு கொப்பிலிருந்து கழன்று போத்தலின் அடியில் கிடந்தது. அதிலிருந்து வந்ததற்குத் தொங்க இடமில்லை, சிறகு சுருண்டபடியே காய்ந்துவிட்டது. கூடு விழுந்தால் நூலால் கட்டித் தொங்கவிடலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இதற்கிடையில் இன்னொரு கொப்பியும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுமணிக்குருவி மாரிகாலம் கழிக்க இங்கே வந்து, இந்தியாவுக்குத் திரும்பிப் போய்க் குஞ்சு பொரிக்கிற பறவை. விடியவும் பொழுதுபடவும் அதன் சத்தம் கேட்டதா இல்லையா என்று பிள்ளைகள் நாளுக்கு ஒரு கோடு போடவேண்டும். பங்குனி கடைசியில் பெரும்பாலான கொப்பிகளில் கோடு நின்றுவிட்டது. ஒருத்தியின் கொப்பியில் மட்டும் நிற்கவேயில்லை. கேட்டால், "எங்கட அப்பா அதமாதிரி விசிலடிப்பார் டீச்சர்" என்கிறாள்.

எட்டாவது புழுவைச் சொல்லாமல் விட்டேன். கூடு கட்டும் முன் புழு தின்பதை விட்டு அலையும் என்று தெரிந்தும், வலையைச் சரியாகக் கட்டாமல் போய்விட்டேன். காணாமல் போனது. அலுமாரி, தும்புத்தடி, மேசை லாச்சி எல்லாம் கிளறினோம். மூன்றாம் நாள் ஒரு பிள்ளை பென்சில் பொறுக்கக் குனிந்து, "இஞ்ச இரிக்கு!" என்று கத்தினாள். என் கதிரையின் அடிப்பலகையில், நடுவில் ஒரு நூல் கச்சை கட்டிக்கொண்டு. கொப்பில் இருந்தவை பச்சை, இது பலகையின் மண்ணிறம். அன்றிலிருந்து அந்தக் கதிரையில் யாரும் இருக்கக்கூடாது என்று தீர்மானமாகிவிட்டது, நான் உட்பட. ஆறு நாள் நின்றுகொண்டே படிப்பித்தேன். அதிபர் வந்து பார்த்து, குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார்.

நாளை சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்குப் பள்ளி மூடுகிறது. கூடு இன்னும் கருக்கவில்லை. கதிரையை யன்னலடிக்கு நகர்த்திவிட்டு, காவல்காரரிடம் ஒரு கதவை மட்டும் சாத்தாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.