பேச்சு லேட்டுன்னா சும்மா காத்திருக்காதீங்க

மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல ரெண்டு வயசு புள்ள பேசலன்னா "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்"னு பெரியவங்க சொல்லிடுவாங்க, நடவு முடியட்டும் அறுப்பு முடியட்டும்னு வருஷமே ஓடிடும், எனக்கு அதான் ஆத்தாமையா இருக்கு. பேச்ச மட்டும் பாக்காதீங்க. ஒரு வயசாகியும் பேர் சொல்லி கூப்ட்டா திரும்பலையா, ஒன்றரை வயசாகியும் வேணுங்கறத விரல் நீட்டி காட்டலையா, முதல்ல காது டெஸ்ட் பண்ணுங்க, மத்தவங்களோட பழகுறது, பேசுறதெல்லாம் வித்தியாசமா இருக்கற ஆட்டிசம் இருக்குமான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க. வளர்ப்பு சரியில்லன்னு அம்மாவ திட்டறது அநியாயம், ஆட்டிசம் மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, தடுப்பூசியாலயும் வர்றதில்ல.

ஸ்கூல் போற புள்ள எழுத்துக்கூட்டி படிக்கவே திணறுனா சோம்பேறின்னு அடிக்கிறாங்களே, அது டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்த படிக்கறதுல வர்ற கற்றல் குறைபாடா இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசத்தோட கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு. மாவட்டத்து பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டிஈஐசி (புள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சு பாக்கற மையம்) எங்கன்னு கேளுங்க, 18 வயசு வரைக்கும் இலவசமாவே பாப்பாங்க.