எப்காட் ஜப்பானில் கோதுமையில்லாத சாப்பாடு

எப்காட் பூங்காவில் ஜப்பான் உணவகத்துக்குப் போகிறோம் என்றதும், "ஜப்பான்காரங்களும் நம்மள மாதிரி சோறு சாப்பிடுறவங்கதானே, அங்க உங்களுக்கு என்ன கவலை அண்ணி?" என்றாள் நாத்தனார். எனக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் சிறுகுடலை என் உடம்பே தாக்கும். மருந்து கிடையாது, ஒதுக்குவது ஒன்றுதான் வழி.

சோறு என்னை ஒருநாளும் படுத்தியதில்லை. அதன்மேல் ஊற்றுவதுதான் படுத்தும். வழக்கமான சோயா சாஸில் சோயாவோடு ஏறக்குறைய சரிபாதி கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்கவைக்கிறார்கள். தெரியாக்கி, பொன்சு என்று மற்ற ஜப்பானிய சாஸ்களிலும் அந்த சோயா சாஸ் இருக்கும். சுஷியில் நண்டு என்று சிவப்பாக வருவது பெரும்பாலும் மீன் விழுது, அது கெட்டிப்பட மாவுச்சத்து, அதுவும் பல சமயம் கோதுமையினுடையது. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் பார்லி போட்ட வகை உண்டு. ஜப்பானியக் குழம்பை மைதா போட்டுத்தான் கெட்டியாக்குகிறார்கள். நம் ஊர்க் கூட்டுப் பெருங்காயத்திலேயே மைதா இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு எந்த டப்பாவின் மேலும் நம்பிக்கை இல்லை.

அமெரிக்காவில் ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்கா 1982-ல் திறந்தது. ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் முகப்புகள். ஜப்பானுக்கு நாரா மாகாணத்து ஹோர்யூஜி கோயிலைப் பார்த்துக் கட்டிய ஐந்தடுக்கு பகோடா கோபுரம், தண்ணீரில் நிற்கும் தோரி என்ற சிவப்புக் கோயில் வாசல். உள்ளே மிட்சுகோஷி கடை. 1673-ல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், துணிக்கடையாகத் தொடங்கிய வம்சம் அது. அதன் மாடியில்தான் டெப்பன் எடோ உணவகம்.

டெப்பன் என்பது மேசையளவு தோசைக்கல். சுற்றிலும் நாம் உட்கார்ந்துகொள்ள, கண்ணெதிரே இறைச்சியும் இறாலும் காய்கறியும் ஊடான் நூடுல்ஸும் வதங்குகின்றன. ஊடான் முழுக்கக் கோதுமை. கோதுமை தோசை வார்த்த கல்லில் அரிசி தோசை வார்த்தாலே நான் தொடமாட்டேன். பொட்டலத்தில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று அமெரிக்காவில் 2013-ல் விதி வகுத்தார்கள். இந்தக் கல்லில் அந்தக் கணக்கை யார் பார்ப்பது?

முன்பதிவிலேயே ஒவ்வாமையைக் குறித்திருந்தேன். உட்கார்ந்ததும் அதற்கென்றே தனி மெனு வந்தது. பிறகு சமையலறையிலிருந்து ஒருவர் வந்து, நான் கேட்பதற்கு முன்பே கல்லைப் பற்றிப் பேசினார். எனக்கு மட்டும் உள்ளே தனி வாணலி, ஊடானுக்குப் பதில் சோறு, வழக்கமான சாஸுக்குப் பதில் கோதுமை சேராத தமாரி என்ற சோயா சாஸ். கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் சொன்னால் நான் எழுந்துவிடுவேன். இவர் பதில்கள் நேராக இருந்தன, உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் வேடிக்கை. சமையல்காரர் வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலையாக்கி ஆவி விட்டார், என் பையன் கைதட்டினான். எல்லார் தட்டிலும் சூடாக விழுந்துகொண்டிருக்க, என் தட்டு மட்டும் காலி. பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பாட்டி இரண்டு தடவை பரிதாபமாகப் பார்த்தார். "விரதம்னு சொல்லிடு" என்றார் கணவர்.

என்னுடையது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. மாட்டிறைச்சி பதமாக வெந்திருந்தது, சோறு ஒட்டிக்கொள்ளும் குட்டை அரிசி. கல்லில் கருகும் அந்த ருசி மட்டும் இல்லை. சொல்லப்போனால் இங்கே பாதிக் காசு அந்த நாடகத்துக்குத்தான். நாடகத்தை எல்லோரோடும் பார்த்தேன், சாப்பாடு எனக்கு உள்ளிருந்து வந்தது. வயிறு அன்றிரவும் மறுநாளும் அமைதியாக இருந்ததால் எனக்குப் புகார் இல்லை.

போகிறவர்கள் மதிய உணவு முடிந்து கூட்டம் வடியும் நேரமாகப் பார்த்துப் போங்கள். இரவு நெரிசலில் சமையலறைக்காரருக்கு நம் மேசை வரை வந்து நிதானமாகப் பேச நேரம் இருக்காது. கீழே ககிகோரி என்று ஐஸைச் சீவி சிரப் ஊற்றித் தரும் கடை இருக்கிறது, அங்கேயும் சிரப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.