உங்க ஊரு ஜெயிச்சிருச்சு தம்பி

இந்த ஊர் எப்பப்பா உங்களுக்குச் சொந்த ஊர் மாதிரி ஆச்சு என்று மகள் போன வாரம் கேட்டாள். யோசிக்காமல் ஒரு தேதியைச் சொன்னேன்: 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நான் ஊத்தங்கரையில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் வீட்டு வெளிச்சுவருக்கு இரண்டாம் கோட்டு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இந்தியாவுக்கு வந்து ஆறாவது வருஷம்.

எங்களுக்கு இலங்கையின் மன்னார்த் தீவில் பேசாலை. கடல்தான் தொழில். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் அம்மாவும் நானும் தம்பியும் ஒரு ராத்திரி படகேறி தனுஷ்கோடி மணலில் இறங்கினோம். மண்டபம் அகதி முகாமில் பதிந்து, சில நாள் வைத்திருந்து, பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போய்க்கொண்டே இருந்தது. மதுரை வருமுன்பே காற்றில் உப்பு போய்விட்டது. இறக்கிவிட்ட இடம் பாம்பாற்று அணைக்குப் பக்கத்தில். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, 2004-இல்தான் பிரித்தார்கள். எல்லாமே தர்மபுரி மாவட்டம். 10-க்கு 10 அடியில் வரிசை வீடுகள், மேலே தார் அட்டை. ரேஷன் அரிசி கிலோ 57 பைசா. அம்மா அணைத் தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதுக்கு அலையே இல்லையடா" என்றார். அன்றைக்கு வேறொன்றும் பேசவில்லை.

அணை மீனை முதல் ஆறு மாதம் அவர் வாயில் வைக்கவில்லை. கெண்டையும் ஜிலேபியும் சேற்று வாடை அடிக்கும். அப்புறம் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் வந்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அம்மா சாப்பிட்டார். அதே அக்காதான் களி கிண்டவும் காட்டினார். நொய்யைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, பானையைக் காலால் அண்டக்கொடுத்துக்கொண்டு கட்டையால் கிண்ட வேண்டும். அந்தக் கட்டைக்கு இங்கே துடுப்பு என்று பெயர். அந்தச் சொல்லை அடுப்படியில் கேட்டதும் அம்மா கட்டையை வாங்கிக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். அப்பா கடலில் போனவர்.

பேச்சு விஷயத்தில் இந்த மாவட்டம் எங்களுக்கு ரொம்ப நல்ல இடம். சந்தைக்குப் போனால் ஒருத்தர் வீட்டில் தெலுங்கு, இன்னொருத்தர் வீட்டில் கன்னடம், மூன்றாமவர் உருது. எல்லோருடைய தமிழும் கொஞ்சம் வேறு மாதிரிதான். நான் கடையில் போய் 'சவர்க்காரம்' என்று கேட்டபோது கடைக்காரர் சிரிக்கவில்லை. "எது, குளிக்கிறதா, துவைக்கிறதா?" என்றுதான் கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடைப் பெரியவருக்கோ எங்கள் பேச்சு கேட்டால் போதும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆள். அப்துல் ஹமீதின் குரல் என்றால் உயிர். "கொஞ்சம் பேசு தம்பி, கேக்கிறேன்" என்று டீயைக் கையில் கொடுத்துவிட்டு நிற்பார். நான் என்ன பேசுவது? காற்று, மழை, மீன் என்று எதையாவது சொல்வேன். கண்ணை மூடிக் கேட்பார்.

1991 மே மாதத்துக்குப் பிறகு அது எல்லாம் மாறியது. ராஜீவ் காந்தி கொலையானபின் முகாமுக்கு வெளியே எங்கே நின்றாலும் பார்வை முதுகில் படும். மாலை ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும், பெயர் கூப்பிடும்போது நிற்க வேண்டும். வேலை கேட்டுப் போகும் வீட்டில் எந்த ஊர் என்று கேட்டால் நெஞ்சு ஒரு தரம் அடித்துக்கொள்ளும். அந்தப் பயம் ஐந்து வருஷம் எனக்குள் இருந்தது.

அந்தப் பயத்தோடுதான் 1996 மார்ச் 13-ஆம் தேதி, இந்தியாவும் இலங்கையும் மோதிய உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதி ஆட்டத்தை, ஆறு மணியைத் தாண்டியும் டீக்கடை வாசலில் நின்று பார்த்தேன். கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். இலங்கை 251 அடித்தது. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 வரை நன்றாகப் போய், அப்புறம் 120-க்கு 8 என்று சரிந்தது. மைதானத்தில் பாட்டில் பறந்தது, தீ வைத்தார்கள், ஆட்டத்தை நிறுத்தி இலங்கை வென்றதாக அறிவித்தார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே போனதை எல்லோரும் பார்த்தோம். கடை வாசலில் ஐம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் நான் யாரென்று தெரியும். ஒருத்தரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சட்டைப்பையில் என் கூடப்பிறந்த அக்காவின் கடிதம் வேறு இருந்தது. அவரை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் கட்டிக் கொடுத்திருந்தோம். 1995 அக்டோபர் 30 ராத்திரி, ராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க மழையில் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததே, அந்தக் கூட்டத்தில் அவரும் அத்தானும் மூன்று பிள்ளைகளும். ஜனவரியில் எழுதிய கடிதம் மார்ச்சில்தான் கைக்கு வந்தது. 'கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறம். பிள்ளைகள் சுகம். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே.' இவ்வளவுதான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாமரங்களில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த நேரம். ஊரெங்கும் தேர்தல் பேச்சு. பக்கத்துப் பர்கூர்தான் முதலமைச்சர் ஜெயலலிதாவின் தொகுதி என்பதால் சுவர் விளம்பரத்துக்கு எங்களைப் போன்ற பெயின்டர்களுக்குக்கூட கிராக்கி. காலையில் டீக்கடையில் தினத்தந்தியைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் கன்னித்தீவு படித்தார், ஒருவர் அரசியல் பக்கம், விளையாட்டுப் பக்கத்துக்கு மட்டும் வரிசை. எதிரே சுவரில் விஜய் பட போஸ்டர். எங்கள் பக்கத்துத் தியேட்டருக்கு அந்தப் படம் வந்துசேரச் சில வாரம் ஆகும்.

மத்தியானம் மண்டிக்காரர் வீட்டம்மா எனக்கும் களி உருண்டையும் கீரைக் குழம்பும் போட்டார். "மெல்லாத, முழுங்கு" என்று முதல் நாள் சொல்லித் தந்தவர் அவர்தான். இப்போது சொல்லத் தேவையில்லை. கை கழுவிவிட்டு நான் பிரஷ்ஷை எடுக்கப் போனபோது மண்டிக்காரர், "விட்டுட்டு உள்ள வாப்பா. உங்க ஊரு ஃபைனல் ஆடுது, நீ சுவத்தப் பாத்துட்டு நிக்கிறியே" என்றார். உங்க ஊரு. ஐந்து வருஷமாக நான் பயந்த அதே கேள்விக்கு அவரே பதில் சொல்லி, உள்ளே வரச் சொல்கிறார். காலைக் கழுவிக்கொண்டு போய் வாசற்படியோரம் உட்கார்ந்தேன். இங்க வா என்று பாயைக் காட்டினார்.

லாகூரில் ஆட்டம். ஆஸ்திரேலியா முதலில் ஆடியது. மார்க் டெய்லர் 74, பாண்டிங் 45. ஒரு விக்கெட்டுக்கு 137 என்று இருந்ததை அரவிந்த டி சில்வா உடைத்தார். 170-க்கு 5. அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் இலங்கைப் பக்கம். "நம்மள ஜெயிச்சவன் கப்பை ஜெயிக்கட்டும்" என்பது பையன்களின் கணக்கு. மண்டிக்காரருக்கு வேறு கோபம். ஜனவரி 31-இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, ஆஸ்திரேலியா அங்கே வந்து ஆட மறுத்திருந்தது.

நான் எந்தப் பக்கம்? அந்தச் சிங்கக் கொடியைத் திரையில் பார்த்தால் எனக்கு வயிறு இறுகும். அக்காவைப் பள்ளிக்கூடத்துத் தரையில் படுக்கவைத்த அரசாங்கத்தின் கொடி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முத்தையா முரளிதரன் பந்தை வாங்கினார். கண்டித் தமிழர். மூன்று மாதத்துக்கு முன்புதான் மெல்பர்னில் அவர் வீசியதை ஏழு தரம் நோ-பால் என்று கை நீட்டி நிறுத்தியிருந்தார்கள். அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அன்றைக்கு 10 ஓவர், 31 ஓட்டம், ஒரு விக்கெட். ஷேன் வார்ன் இறங்கி வந்து அடிக்கப் போக, களுவிதாரண ஸ்டம்பைத் தட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னையறியாமல் கத்தியும் இருக்கிறேன். மண்டிக்காரரின் சின்ன மகன் என் கையைப் பிடித்துக் குதித்தான். அவன் உள்ளங்கையெல்லாம் என் பெயின்ட்.

ஆஸ்திரேலியா கடைசியில் 241 எடுத்தது. ஆனால் அதற்கு முன்பே, ஐந்தரை மணி ஆனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு மணிக் கணக்கு. நான் சைக்கிளைத் தொட்டதும் மண்டிக்காரர் விஷயம் புரிந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் டி.வி.எஸ். 50-ஐ எடுத்தார். நம்ம ஓசூரில் செய்த வண்டி. பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு நேரே முகாம் வாசலுக்குப் போனார். "வீட்ல நிச்சயதார்த்தம் வருது, பெயின்ட் முடியல. ராத்திரி வேலை பாக்கட்டும். காலைல நானே கொண்டாந்து விடறேன், என் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டார். நிச்சயதார்த்தம் உண்மைதான், ஆனால் அதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எனக்காக ஒருவர் இந்த நாட்டில் போட்ட முதல் கையெழுத்து அது.

திரும்பி வந்தால் வீட்டம்மாவும் பெண்களும் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் படத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்து, கடலைக்காய் அவித்து வைத்திருந்தார்கள். எங்களூரில் கச்சான் என்போம் என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் அதைக் கச்சான் என்றே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இலங்கைக்கு 23 ஓட்டத்தில் இரண்டு விக்கெட் போனது. ஜயசூரிய ரன் அவுட் ஆனதும் வீடே அமைதி. அப்புறம் குருசிங்க 65 அடித்துக் கொடுக்க, அரவிந்த நின்றார். அவசரமே இல்லாத ஆட்டம். 107, ஆட்டமிழக்கவில்லை. 47-வது ஓவரில் ரணதுங்க பந்தைத் தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டதும் முடிந்தது. பெனசிர் பூட்டோ கோப்பையைக் கொடுத்தார். மண்டிக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "உங்க ஊரு ஜெயிச்சிருச்சு தம்பி" என்றார். வீட்டம்மா வாயில் வெல்லக்கட்டி போட்டார். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று அப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பேசாலை, அக்கா, முரளி, அந்தக் கையெழுத்து எல்லாம் ஒன்றாக வந்தது.

காலையில் முகாமுக்குப் போனபோது சிலர் பேசவில்லை. அடுத்த வரிசையில் இருந்த ஆச்சி, "நான் அந்தக் கொடிக்குக் கை தட்ட மாட்டன் மகனே" என்றார். அவருடைய மகன் போனது எல்லோருக்கும் தெரியும். "நானும் கொடிக்குத் தட்டேல்லை ஆச்சி" என்று அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அவர் சொன்னதில் தப்பு எதையும் நான் காணவில்லை.

மே மாதம் தேர்தல் முடிவு வந்தது. பர்கூரில் முதலமைச்சரே தோற்றுப்போனார், ஊத்தங்கரை வரை வெடிச் சத்தம். எங்கள் முகாமில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். நான் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். முரளியின் 10 ஓவர், கையெழுத்து, கச்சான் எல்லாம்.

பதில் ஆகஸ்டில் வந்தது, கோண்டாவிலிலிருந்து. வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், கூரை இல்லை. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்:

'அண்டைக்கு நாங்களும் கேட்டனாங்கள். கரன்ட் இல்லை, பற்றரி இல்லை. பள்ளிக்கூட விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டி, டைனமோவை ரேடியோவில கொழுவி, பெரியவன் பெடலைச் சுத்தினான். கை நோகுது எண்டு நிப்பாட்டினால் ரேடியோவும் நிண்டிடும். அரவிந்த நூறு அடிக்கேக்க அத்தான் சுத்தினவர். முரளி போடேக்க மட்டும் நான் சுத்தினனான்.'