நிலைகொள்ளாத பாலினமும் ஓர் அடையாளச் சான்றிதழும்

பிறப்பில் ஆண் என்று பதிவான எனக்கு, சில வாரங்கள் பெண்ணாகவும் சில வாரங்கள் ஆணாகவும், இடையே சில நாட்கள் இவ்விரண்டில் எதுவாகவும் இல்லாமலும் உள்ளுணர்வு அமைகிறது. கடலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் திருநங்கையர் அந்நியர் அல்லர். சித்திரை மாதத்தில் கூவாகம் செல்லும் கூட்டத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். ஆனால் தாம் பெண்ணே என்று அவர்களிடம் இருந்த உறுதி என்னிடம் இல்லை. ஆகவே எனக்கு நேர்வது என்னவென்று எவரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு மனநல ஆலோசகரைச் சந்தித்தேன். "நீங்கள் யார்?" என்று அவர் கேட்கவே இல்லை. இன்று எந்த உடை உடம்புக்கு ஒட்டுகிறது, யார் எப்படி அழைத்தபோது மனம் சுருங்கியது என்பவற்றை மட்டும் நாள்தோறும் எழுதிவரச் சொன்னார். சில மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தபோது, உணர்வு மாறிய நாட்களில் நான் துன்பப்படவில்லை என்பதும், மாறியதை மறைத்து நடித்த நாட்களில்தான் உறக்கம் கெட்டது என்பதும் ஐயமின்றித் தெரிந்தன. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பிறப்பில் பதிவானதோடு ஒத்துப்போகாத பாலின உணர்வை மனநோய்ப் பட்டியலில் வைக்கவில்லை என்பதையும் அவரே விளக்கினார். ஹார்மோன் சிகிச்சை எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்படுவோர் தக்க மருத்துவரிடம் செல்வதே முறை.

அந்த ஆண்டின் இறுதியில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். திருநர் என்பதற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது தந்திருந்த வரையறை, ஆண், பெண் என்ற பிரிவுகளில் அடங்காதவர்களையும் உள்ளடக்கியிருந்தது. வேலை புதுச்சேரியில் என்றாலும் குடியிருப்பு கடலூர் முதுநகரில். விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதங்கள் வசித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி என்பதால், கடலூர் மாவட்ட ஆட்சியருக்கே இணையவழியில் அனுப்பினேன். பிரமாணப் பத்திரம் எழுதித் தந்தவர் அறுவை சிகிச்சைச் சான்று இல்லாமல் தயங்கினார். உறுதிமொழியின் பேரிலேயே, மருத்துவப் பரிசோதனை ஏதுமின்றிச் சான்றிதழ் தர வேண்டும் என்று அப்போது கூறிய 2020ஆம் ஆண்டு விதியின் நகலைக் காட்டிய பின்னரே எழுதினார். சிகிச்சைக்குப் பின் ஆண் என்றோ பெண் என்றோ திருத்திய சான்றிதழ் கேட்போருக்குத்தான் அப்போது மருத்துவமனைச் சான்று தேவைப்பட்டது. நான் அதைக் கேட்கவில்லை. 'திருநர்' என்ற முதல் சான்றிதழே என்னை எந்தப் பக்கமும் தள்ளாமல் இருந்தது.

வீட்டில் பேசுவது இதைவிடக் கடினமாக இருந்தது. "நாளைக்கு மறுபடியும் மாறிட்டா ஊருக்கு என்னடா கண்ணு சொல்றது?" என்று அம்மா கேட்டார். மாறும் என்றுதான் பதில் சொன்னேன். மாறாது என்று வாக்களித்து அவருக்கு நிம்மதி தர எனக்கு மனம் வரவில்லை. அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். இப்போது தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது சட்டையா சுடிதாரா என்று என்னிடம் கேட்டே எடுக்கிறாள். அலுவலகத்தில் மேலாளரிடமும் உடன் அமரும் இருவரிடமும் மட்டும் சொல்லியிருக்கிறேன். ஆதாரைத் திருத்தியாகிவிட்டது, வங்கிக் கணக்கையும் கல்விச் சான்றிதழ்களையும் இனிமேல்தான் மாற்ற வேண்டும்.