ஜப்பான் வரலாற்றைத் தேர்வுக்குப் படிப்போர் மதத்தின் இழையைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்

முதுகலை வரலாற்றில் தூரக்கிழக்கு நாடுகளின் வரலாறு என்னும் தாளை எழுதுவோரில் பெரும்பாலோர் ஜப்பானை 1853-லிருந்து, அதாவது அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் கருங்கப்பல்கள் உராகாவுக்கு அருகே வந்து நின்ற ஆண்டிலிருந்து, படிக்கத் தொடங்குகிறார்கள். பாடத்திட்டங்கள் பலவும் அங்கேயே தொடங்குவதால் இதில் வியப்பில்லை. ஆனால் ‘மெய்ஜி மீட்சியின் தன்மையை ஆராய்க’ (ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி 1868-ல் வீழ்ந்து, பேரரசரின் பெயரில் புதிய அரசு அமைந்ததே மெய்ஜி மீட்சி) என்பது போன்ற கட்டுரை வினாவுக்கு 1853-க்குப் பிந்தைய செய்திகளை மட்டும் கொண்டு எழுதினால், மானியப் பகுதிகளின் ஒழிப்பு, கட்டாய ராணுவச் சேவை, ரயில்பாதை, கல்விச் சட்டம் என்று சீர்திருத்தங்களை அடுக்குவதோடு விடை நின்றுவிடும். பேரரசரின் பெயரால் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் முதல் வேலையாக ஏன் கோயில்களின் மீது கைவைத்தார்கள் என்ற கேள்வியே அதில் எழாது. அந்தத் தாளைப் படித்து எழுதியவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, ஆறாம் நூற்றாண்டு முதல் மதமும் ஆட்சியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்த விதத்தை ஒரே இழையாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

காலகட்டங்களின் பெயர்களைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. அசுகா, நாரா, ஹெய்யான், காமகுரா, முரோமாச்சி, எடோ ஆகியவை எல்லாம் அதிகாரம் இருந்த இடத்தைக் குறிக்கும் பெயர்கள். மெய்ஜி முதல் வருபவை பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்கள். ஆகவே ஒவ்வொரு காலகட்டத்திலும் உண்மையில் ஆண்டவர் யார், அவருக்கு அருகில் எந்த மத நிறுவனம் நின்றது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் குறிப்பேட்டில் விடை எழுதி வைத்தால் போதும். ஜோமோன், யாயோய், கோஃபுன் காலங்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் செலவிட வேண்டாம். யாயோய் காலத்தில் பரவிய நெல் சாகுபடியும் உலோகப் பயன்பாடும், கோஃபுன் காலத்தின் சாவித்துளை வடிவப் பெருங்கல்லறைகளும் நினைவில் இருந்தால் குறுவினாக்களைச் சமாளிக்கலாம்.

கொரியத் தீபகற்பத்தின் பெக்சே அரசிலிருந்து பௌத்தம் வந்த ஆண்டைச் சில நூல்கள் 538 என்றும், 720-ல் தொகுக்கப்பட்ட நிஹோன் ஷோக்கி என்னும் அரசவை வரலாற்று நூலைப் பின்பற்றுபவை 552 என்றும் குறிக்கின்றன. விடைத்தாளில் இரண்டையும் எழுதுவதே பாதுகாப்பு. புதிய மதத்தைச் சோகா குலத்தார் ஆதரித்தனர். மொனோனோபே, நகாத்தோமி குலத்தார் எதிர்த்தனர். 587-ல் மொனோனோபே குலம் போரில் வீழ்ந்த பிறகே பௌத்தம் அரசவையில் காலூன்றியது. இளவரசர் ஷோத்தொகுவின் பெயரில் வழங்கும் 604-ஆம் ஆண்டின் பதினேழு விதிகளில், முதல் விதி இணக்கத்தையும் இரண்டாம் விதி புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளைப் போற்றுவதையும் வலியுறுத்துவது இந்தப் பின்னணியில்தான் பொருள்படும்.

நாரா காலத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டைச் சூறையாடியது. 740-ல் கலகம் ஒன்றும் வெடித்தது. இவற்றுக்குப் பின் பேரரசர் ஷோமு 741-ல் மாகாணந்தோறும் அரசுக் கோயில்கள் அமைக்க ஆணையிட்டு, 743-ல் பெரும் புத்தர் சிலைக்கான திட்டத்தை அறிவித்தார். அதற்குத் துணை நிற்பதாகக் கியூஷு தீவின் உசா ஆலயத்து ஹச்சிமான் தெய்வம் அருள்வாக்குத் தந்ததாகச் சொல்லப்பட்டது. 749-ல் அத்தெய்வம் நாராவுக்கே எழுந்தருளியது. 752-ல் தோதாய்ஜி கோயிலில் நடந்த கண் திறப்பு விழாவில் சிலையின் விழிகளைத் தீட்டியவர் இந்தியத் துறவி போதிசேனர். அவர் கையிலிருந்த தூரிகையில் நீண்ட கயிறு பிணைக்கப்பட்டிருந்தது. கூடியிருந்தோர் அதைப் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றனர். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உள்ளூர்த் தெய்வமும் புத்தரும் ஒரே அரசுக்குத் துணை நின்ற இந்த நிகழ்வை விரிவாக எழுதத் தெரிந்தவருக்கு, ஷின்டோ எனப்படும் உள்ளூர்த் தெய்வ வழிபாடும் பௌத்தமும் கலந்தது பற்றிய வினா எந்த வடிவில் வந்தாலும் கவலையில்லை.

ஆதரவு பெற்ற மடங்கள் விரைவிலேயே அரசை நெருக்கின. 769-ல் தோக்யோ என்னும் துறவி அரியணைக்கே குறிவைத்ததும், பேரரசர் கன்மு தலைநகரை நாராவிலிருந்து அகற்றி 794-ல் ஹெய்யானுக்கு (இன்றைய கியோட்டோ) கொண்டுசென்றபோது நாராவின் பெருங்கோயில்களைப் பின்னாலேயே வரவிடாததும் ஒரே தொடரின் இரண்டு கண்ணிகள். சீனாவிலிருந்து திரும்பிய சைச்சோ ஹியெய் மலையில் தென்தாய் நெறியையும், கூக்காய் கோயா மலையில் ஷிங்கோன் நெறியையும் வளர்த்தனர். காமகுரா காலத்துக்குரிய ஹோனென், ஷின்ரான், நிச்சிரென், தோகென் ஆகியோர் அனைவரும் ஹியெய் மலையில் பயின்று வெளியேறியவர்கள் என்று குறித்துக்கொண்டால் நால்வரையும் மறக்கமாட்டீர்கள். காமகுரா ஆட்சியின் தொடக்கத்துக்கு 1185, 1192 என இரண்டு ஆண்டுகள் கண்ணில் படும். முன்னது போர்வீரர் தலைவரான யோரிதோமோ மாகாணங்களில் தம் அதிகாரிகளை நியமிக்கும் உரிமையைப் பெற்ற ஆண்டு, பின்னது அவர் ஷோகுன் பட்டம் பெற்ற ஆண்டு. முரோமாச்சியில் ஓனின் உள்நாட்டுப் போரையும் (1467–1477) ஜென் மடங்களின் கலைச் செல்வாக்கையும் அறிந்தால் போதும் என்பது என் கருத்து.

அடுத்த திருப்பம், சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றிணைக்கத் தொடங்கிய போர்த்தலைவர் நொபுனாகா. 1571-ல் அவர் ஹியெய் மலைக் கோயில்களை எரித்ததும், 1580-ல் ஒசாகாவின் ஹோங்கன்ஜி கோட்டைக் கோயிலைப் பணியவைத்ததும் மடங்களின் படைபலத்துக்கு முடிவு கட்டின. அதே காலத்தில் கிறித்தவம் பரவிக்கொண்டிருந்தது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவரிடையே பணியாற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல் காகோஷிமாவில் இறங்கியவர். 1587-ல் நொபுனாகாவுக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த ஹிதேயோஷி பாதிரிமார்களை வெளியேற ஆணையிட்டார். 1614-ல் தொகுகாவா ஷோகுன்களின் அரசு கிறித்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்தது. கிறித்தவ உழவர்கள் பெருமளவில் பங்கேற்ற ஷிமாபாரா கிளர்ச்சி 1638-ல் ஒடுக்கப்பட்டது.

இந்த இடத்தில் மாணவர்கள் ‘நாடு மூடப்பட்டது’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் டச்சுக்காரரும் சீனரும் வந்த நாகசாகி, கொரியாவுடன் உறவாடிய சுஷிமா, ரியூக்யூவை நோக்கிய சத்சுமா, ஐனு மக்களோடு வணிகம் செய்த மத்சுமாயே என நான்கு வாயில்கள் திறந்தே இருந்தன. அதைவிட முக்கியமானது உள்நாட்டில் வந்த பதிவு முறை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்து, தாம் கிறித்தவரல்லர் என்று அக்கோயிலிடம் சான்று பெற வேண்டியிருந்தது. வேற்றூருக்குக் குடிபெயரவும் கோயிலின் சான்று தேவைப்பட்டது. பௌத்தக் கோயில் இவ்வாறு ஷோகுனாட்சியின் கிராம அலுவலகமாகவே ஆயிற்று. இந்த ஒரு பத்தியைச் செம்மையாக எழுதினால், மெய்ஜி வினாவுக்குப் பாதி விடை தயாராகிவிடும்.

ஏனெனில் ஷோகுனாட்சி வீழ்ந்த 1868-லேயே புதிய அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணைகளைப் பிறப்பித்தது. பழைய ஆட்சியின் கருவியாக இருந்த கோயில்கள் மீதிருந்த வெறுப்பு, பல இடங்களில் சிலைகளையும் சுவடிகளையும் அழிக்கும் அளவுக்குச் சென்றது. காமகுராவின் த்சுருகாவோகா ஹச்சிமான் ஆலய வளாகத்திலிருந்த பௌத்தக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. நாராவின் கோஃபுகுஜித் துறவிகள் காவியைக் களைந்து அருகிலுள்ள கசுகா ஆலயப் பூசாரிகளாயினர். பேரரசரை ஆயிரம் ஆண்டுக் கலப்பிலிருந்து பிரித்தெடுத்துத் தூய ஷின்டோவின் தலைவராக நிறுத்தும் முயற்சி இது என்பதை எழுதாத விடை, என் மதிப்பீட்டில், முழு மதிப்பெண்ணுக்கு உரியதல்ல. மேலை நாடுகளின் எதிர்ப்பால் 1873-ல் கிறித்தவத் தடைப் பலகைகள் அகற்றப்பட்டதையும், 1889 அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு குடிமகனின் கடமைகளுக்கு முரணாகாத அளவில் மட்டுமே மதச் சுதந்திரம் வழங்கியதையும், பேரரசருக்கு விசுவாசத்தை வலியுறுத்திய 1890-ன் கல்வி ஆணையையும் தொடர்ந்து எழுதுங்கள். 1945 டிசம்பரில் நேச நாட்டுப் படைத் தலைமை ‘அரசு ஷின்டோ’ எனப்பட்ட, அரசு சார்ந்த ஷின்டோ முறையை ஒழித்த ஆணையும், 1947-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அரசையும் மதத்தையும் பிரிக்கும் 20, 89 ஆகிய பிரிவுகளும் அந்த விடைக்கு இயல்பான முடிவாக அமையும்.

பெயர்களிலும் தேதிகளிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஆனால் ஓடா நொபுனாகா, தொகுகாவா இயேயாசு போன்ற பழங்காலத்தவரை வரலாற்று நூல்கள் நொபுனாகா, இயேயாசு என்றே சுருக்கும். நவீன கால அமைச்சர்களையோ இத்தோ, ஒகுபோ என்று குடும்பப் பெயரால் குறிக்கும். மேலும், 1873-ல் கிரெகோரியன் நாட்காட்டி வரும்வரை சந்திர நாட்காட்டியே வழக்கில் இருந்தது. பேரரசரின் ஆட்சி மீட்சியை அறிவித்த பிரகடனம் கெய்யோ 3-ஆம் ஆண்டு 12-ஆம் மாதம் 9-ஆம் நாள் வெளியானது. அது 1868 ஜனவரி 3 ஆகும். சில நூல்கள் இதே நிகழ்வை 1867 டிசம்பர் என்று குறிப்பதற்கு இதுவே காரணம் என்பதால், இரண்டையும் இருவேறு நிகழ்ச்சிகளாகக் காலவரிசையில் எழுதிவிடாதீர்கள்.