பனிக்காலத்திலும் விடாத ஓட்டம்: ஒரு நாட்குறிப்பு

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் மைனஸ் 2 டிகிரி. இந்தக் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது இன்றுதான் முதல் தடவை. இனி மார்ச் வரைக்கும் ஓட்டம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் இந்தக் குறிப்பை ஆரம்பிக்கிறேன். வேகத்துக்கு இலக்கு கிடையாது, தூரத்துக்கும் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் வெளியே போக வேண்டும், போனால் இருபது நிமிஷமாவது ஓட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் என்பதால் உடுப்பைப் பற்றி எழுதிவிடுகிறேன். வெளியே இருக்கும் வெப்பநிலையோடு 10 டிகிரி கூட்டிக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி உடுத்தச் சொல்வார்கள். அதாவது மைனஸ் 2 என்றால், 8 டிகிரியில் நடக்கப் போகிறவர் என்ன போடுவாரோ அது போதும். ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியேறுகிறது, அதனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். வாசலில் நிற்கும்போது லேசாக நடுங்கினால் உடுப்பு சரி. வாசலிலேயே இதமாக இருந்தால் பத்து நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டும், திரும்பி வரும்போது அந்த ஈரமே நம்மை உறைய வைக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைத்துப் பார்த்தால், குளிர்காலத்தில் ஓடுகிறவருக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி என்பது புரியும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அப்படியே தோலில் ஒட்டிக்கிடக்கும், அதனால் அது வேண்டவே வேண்டாம். உள்ளே மெல்லிய பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். இன்னும் குளிர் கூடினால் இரண்டுக்கும் நடுவே ஒரு ஃப்ளீஸ்.

டிசம்பர் 7, ஞாயிறு

நீண்ட ஓட்டம். மைனஸ் 5, வடக்கிலிருந்து மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. காற்றும் சேர்ந்தால் தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று சொல்லும் 'விண்ட் சில்' கணக்குப்படி மைனஸ் 12. கனடாவும் அமெரிக்காவும் 2001இல் கொண்டுவந்த சூத்திரம் இது, நடக்கிற வேகத்தில் போகும் ஒருவரின் முகத்தை வைத்துப் போட்டது. ஓடுகிறவர் தன் வேகத்தால் தானும் கொஞ்சம் காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். எதிர்க்காற்றில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் முகத்தில் அடிப்பது 35, அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால் 15தான்.

அதனால் முதல் பாதி முழுக்க வடக்கு நோக்கியே ஓடினோம். உடம்பு காய்ந்திருக்கும்போதே எதிர்க்காற்றை வாங்கிவிட வேண்டும். வியர்வையில் நனைந்த பிறகு அந்தக் காற்றில் திரும்பி வருவது வேதனை, ஆபத்தும்கூட. அக்காதான் இதில் கறார். (கூட ஓடுகிறவர், என்னைவிட மூத்தவர், பல குளிர்காலம் பார்த்தவர்.) கிளம்பும் முன் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்.

டிசம்பர் 12, வெள்ளி

எழுந்திருக்கவே மனமில்லை. "அக்கா, இன்னைக்கு விட்டுடலாமா?" என்று கேட்டேன். "ஷூவைப் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வா தம்பி, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். வாசலுக்கு வந்த பிறகு முடிவு பண்ண ஒன்றும் மிச்சமில்லை. இருபத்தைந்து நிமிஷம் மெதுவாக ஓடிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

தொண்டை எரிச்சலும் இருமலும் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் குளிரில் ஓட ஆரம்பிப்பவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். நுரையீரல் உறைந்துவிடுமோ என்று கேட்பார்கள். உறையாது. மூக்கையும் தொண்டையையும் மூச்சுக்குழாயையும் தாண்டி ஆழத்துக்குப் போவதற்குள் காற்று கிட்டத்தட்ட உடல் சூட்டுக்கு வந்துவிடுகிறது. எரிச்சலுக்கு முக்கியக் காரணம் வறட்சி. மைனஸ் 10இல் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 2 கிராம் சொச்சம் நீராவிதான் இருக்க முடியும், 37 டிகிரியில் அது 44 கிராம். அந்த வித்தியாசம் முழுக்க நம் மூச்சுப்பாதையின் ஈரத்திலிருந்து போக வேண்டும், வேகமாக மூச்சு வாங்க வாங்க இழப்பும் கூடும். மூக்கு ஒழுகுவதும் இதோடு சேர்ந்ததுதான், உள்ளே வரும் காற்றை ஈரமாக்க மூக்கு படாதபாடு படுகிறது.

வாயையும் மூக்கையும் மூடி ஒரு மெல்லிய கழுத்துத் துணி கட்டினால் வெளியே விடும் மூச்சின் சூடும் ஈரமும் அதில் தங்கி, அடுத்து உள்ளே இழுக்கும் காற்றுக்குக் கிடைக்கும். நான் இரண்டு துணி எடுத்துப் போகிறேன், பாதி வழியில் மாற்றிக்கொள்ள. வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம் முழங்காலை உயர்த்தி நடந்து, படி ஏறி இறங்கி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு போனாலும் இருமல் குறைகிறது.

ஆனால் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால், மூச்சில் விசில் சத்தம் கேட்டால், அதைத் துணி கட்டிச் சமாளிக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்றில் கடுமையாக மூச்சு வாங்குவது மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும், ஓடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய இன்ஹேலரை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 22, திங்கள்

நேற்று ஆண்டின் மிகக் குறுகிய பகல். இன்றிலிருந்து பகல் நீள்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள், மாலையில் ஓடுபவர்கள் சந்தோஷப்படலாம். காலையில் ஓடும் எங்களுக்கு இன்னும் விடியவில்லை! இந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் தினமும் அரை நிமிஷம் தள்ளிப்போகிறது, பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்யும் வேலை. அதனால் வடகோளத்தின் நடுப்பகுதிகளில் மிகத் தாமதமான சூரிய உதயம் ஜனவரி முதல் வாரத்தையொட்டித்தான் வரும். காலை இருட்டு இன்னும் கொஞ்சம் கூடத்தான் போகிறது என்று தெரிந்து வைத்திருந்தால், டிசம்பர் கடைசியில் மனம் சோர்ந்துபோகாது.

அதுவரை ஹெட்லேம்ப், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் வைத்த மேல்சட்டை. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடிதான் ஓடுகிறோம். ஹெட்லேம்ப்பின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், முந்தின இரவே முழுக்கச் சார்ஜ் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடுவேன். போனை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி.

நார்வேயின் கிரேட்டே வைட்ஸ் நியூயார்க் மாரத்தானை 1978க்கும் 1988க்கும் நடுவே 9 முறை வென்றவர். பள்ளி ஆசிரியையாக இருந்தபோது வேலைக்குப் போவதற்கு முன்னால், நார்வேயின் குளிர்கால இருட்டில், விடியற்காலையில் ஓடியவர். அவ்வளவு பெரிய சாதனையின் அடியில் இப்படி எத்தனையோ காலைகள் கிடக்கின்றன என்பது எனக்குப் பெரிய தெம்பு.

டிசம்பர் 27, சனி

நல்ல பனி. புதிதாக விழுந்த பனியில் ஓடுவது எனக்குப் பிடிக்கும், கால் பதியும், பிடிமானம் இருக்கும், சத்தமே இருக்காது. பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த பனிதான் மோசமானது. அதைவிட மோசம் தார் ரோட்டில் கண்ணுக்கே தெரியாமல் படிந்திருக்கும் பனிப்படலம். ஈரம் மாதிரி மினுங்கும், அவ்வளவுதான் அடையாளம். பாலத்தின் மேல் அது முதலில் உண்டாகும், அடியிலும் குளிர்க்காற்று போவதால்.

வழுக்கும் இடத்தில் அடியைச் சின்னதாக்கி, அடிக்கடி எடுத்து வைக்க வேண்டும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். முன்னால் நீட்டி வைத்தால் குதிகால் சறுக்கும். திருப்பங்களில் நடந்துவிடுகிறோம். ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் முள்பட்டையும் உண்டு, இறுகிய பனியில் அருமை, வெறும் தார் ரோட்டில் தொந்தரவு.

இப்படி ஓடும்போது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பனி ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் ஆற்றலைத் தின்கிறது, அதே உழைப்புக்குக் கடிகாரம் மெதுவான எண்ணைக் காட்டும். மணிக்கட்டில் இதயத்துடிப்பு பார்க்கும் கடிகாரமும் குளிரில் தடுமாறும், தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால் அதன் ஒளிக்குப் படிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. நான் டிசம்பர் முழுக்க நிமிஷக் கணக்கில்தான் ஓடுகிறேன். நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம், எவ்வளவு தூரம் போனாலும் சரி. ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்பது மட்டும்தான் அளவுகோல், அக்காவோடு ஓடினால் அதைச் சோதிக்க வாய்ப்புக்குக் குறைவே இல்லை.

ஜனவரி 4, ஞாயிறு

நேற்று மழை, இரவில் உறைந்துவிட்டது. தெரு முழுக்க ஒரே பனிக்கட்டி. டிரெட்மில்லில் ஐம்பது நிமிஷம்.

டிரெட்மில்லை இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 1985இல் லண்டனில் 2 மணி 21 நிமிஷம் 6 விநாடியில் ஓடி மாரத்தான் உலக சாதனை படைத்த இங்ரிட் கிறிஸ்டியான்சன், நார்வே குளிர்காலத்தில் நிறைய டிரெட்மில்லில்தான் பயிற்சி செய்தார். வெளியே வழுக்கி விழுந்து கை உடைந்தால் ஆறு வாரம் போய்விடும், அதற்கு ஐம்பது நிமிஷம் சுவரைப் பார்த்து ஓடுவது எவ்வளவோ மேல். சாய்வை 1 சதவிகிதம் வைத்துக்கொள்கிறேன். காற்றின் எதிர்ப்பு இல்லாததை அது ஈடுகட்டுகிறது என்று 1996இல் ஜோன்ஸ், டௌஸ்ட் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். வேகமாக ஓடுபவர்களுக்குத்தான் அது முக்கியம், மெதுவாக ஓடினால் வித்தியாசம் சொற்பம்.

ஜனவரி 10, சனி

சளி. மூக்கடைப்பும் தும்மலும் மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம், காய்ச்சலோ உடம்புவலியோ நெஞ்சில் சளியோ இருந்தால் ஓய்வு என்பது நாங்கள் பின்பற்றும் வழக்கம். எனக்குக் காய்ச்சல். படுத்துவிட்டேன்.

விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்ற பயம் வரும்போது 1984இல் எட்வர்ட் காயிலும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வை நினைத்துக்கொள்வேன். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை முழுக்க நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு 21 நாளில் 7 சதவிகிதம் குறைந்தது, 56 நாளில் 16 சதவிகிதம் வரை போய் நின்றது. அப்படியானால் நாலைந்து நாள் படுத்திருப்பதால் குடி முழுகாது. இரண்டு மாசம் சும்மா இருந்தால்தான் கணக்கு வேறு. குளிர்காலம் முழுக்க நிறுத்துகிறவர்கள் இழப்பது அதைத்தான்.

ஜனவரி 20, செவ்வாய்

மைனஸ் 14. இதுவரைக்கும் இதுதான் ஆகக் குறைவு. காற்று இல்லை, இல்லாவிட்டால் போயிருக்க மாட்டோம். விண்ட் சில் மைனஸ் 27ஐத் தாண்டினால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் உறையலாம், அதற்குப் பக்கத்திலேயே போவதில்லை என்பது எங்கள் எல்லை.

பத்தாவது நிமிஷத்தில் அக்காவின் இமை மயிர்களில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. என் கழுத்துத் துணி மூச்சு பட்ட இடத்தில் அட்டை மாதிரி விறைத்து, தட்டினால் டக் டக் என்றது. கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறைதான் இந்தக் குளிருக்குச் சரி, விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். வலி இருந்தவரைக்கும் பயமில்லை. வலி நின்று மரத்துப்போய், தோல் வெளுத்தோ மெழுகு நிறத்திலோ தெரிந்தால் உடனே உள்ளே போக வேண்டும், பனியை வைத்துத் தேய்க்கக் கூடாது. பாதி வழியில் நின்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், மூக்கு நுனி, கன்னம், காது மடல். சிவப்பாகத்தான் இருந்தது. சரி, போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு கிடையாது, முதலில் ஈர உடுப்பு மாற்றம். ஓட்டம் நின்றதும் உடம்பு சூட்டை உண்டாக்குவது சட்டென்று குறைந்துவிடும், ஈரத்தோடு ஐந்து நிமிஷம் நின்றாலே நடுக்கம் பிடிக்கும். அப்புறம் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் போனது போனதுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

எழுபது நிமிஷம், 3 டிகிரி. கிளம்பும்போதே வெளிச்சம் வந்துவிட்டது, ஹெட்லேம்ப் தேவைப்படவில்லை. ரோடு காய்ந்திருக்கிறது. பேசிக்கொண்டே ஓடினோம், கடைசி மேட்டில்கூடப் பேச்சு நிற்கவில்லை, அந்த மேட்டில் நவம்பரில் எனக்கு மூச்சு வாங்கியது நினைவிருக்கிறது.

அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் வேகம் சேர்க்கலாம் என்று பேசினோம். இரண்டு மாசமாகச் சின்ன அடி வைத்துப் பழகிய கால்களை ஒரே நாளில் முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் தாங்காது. அதனால் செவ்வாய்க்கிழமை வழக்கமான மெதுவான ஓட்டத்தின் கடைசியில் இருபது இருபது விநாடியாக நான்கு வேக ஓட்டம், நடுவில் முழுசாக மூச்சு தணிகிறவரை நடை. ரோடு காய்ந்திருந்தால் மட்டும். உறைந்திருந்தால் நான்கையும் வியாழனுக்குத் தள்ளிவிடுவோம்.